திருச்சிக் கல்லும் அல்பீரூனியின் தராசும்

இரத்தினக் கற்களைப் பட்டை தீட்டுபவரை அரபு மொழியில் 'ஹக்காக்' என்பர். 'தேய்த்தல்' என்னும் பொருள்தரும் 'ஹக்க' என்ற வினையடியிலிருந்து பிறந்த சொல் இது. ஹிஜ்ரி 745ஆம் ஆண்டில் (கி.பி. 1344) இலங்கைக்கு வந்த இப்னு பதூதா அந்நாட்டின் மாணிக்கங்களைப் பற்றி எழுதும்போது இந்த ஹக்காக்குகளைக் குறிப்பிடத் தவறவில்லை. மண்ணிலிருந்து எடுத்த கல்லை அவர்களிடம் கொடுக்கின்றனர். மூடியிருக்கும் வெறுங்கல் தேய்ந்து போய் உள்ளிருக்கும் மாணிக்கம் வெளிப்படும்வரை அவர்கள் தேய்க்கின்றனர் என்பது அவர் தரும் செய்தி. அரசருக்கு உரியவை எவை, பொதுமக்கள் வைத்துக்கொள்ளத் தக்கவை எவை என்ற வரையறையையும் அவர் பதிவு செய்துள்ளார்: நூறு பணம் மதிப்பை எட்டும் கல் அரசருக்கு, அதற்குக் குறைந்தது கண்டெடுத்தவருக்கு. கற்களின் வரலாற்றை எழுதியோர் பலரும் அரசர்களைப் பற்றியே எழுதினர். தேய்த்த கையைக் குறித்து ஒரு வரியாவது எழுதியவர் என்பதற்காகவே இப்னு பதூதாவை நான் நன்றியுடன் நினைப்பதுண்டு.

அத்தகைய கைகள் ஆயிரக்கணக்கில் உழைத்த ஊர் திருச்சிராப்பள்ளி. மலைக்கோட்டையும் நத்ஹர்வலி தர்காவும் காவிரிக்கு அக்கரையில் திருவரங்கக் கோபுரமும் இவ்வூரின் அடையாளங்களாக நூல்களில் பேசப்படுகின்றன. ஆனால் சென்ற நூற்றாண்டில் இந்திய நகைத் தொழிலுக்குத் திருச்சி வேறொன்றால் அறிமுகமாகியிருந்தது. மும்பையிலும் கொல்கத்தாவிலும் 'திருச்சிக் கல்' என்றால் கைவேலையில் பட்டை தீட்டப்பட்ட செயற்கை இரத்தினம் என்று வணிகர்கள் அறிந்திருந்தனர். நகரின் தெருக்களிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும், புதுக்கோட்டை மாவட்டத்தின் கிராமங்கள் வரையிலும், வீட்டுத் திண்ணைகளிலும் சிறு கூடங்களிலும் சக்கரங்கள் சுழன்றன.

சில ஆண்டுகளுக்கு முன் ஃபிக்ஹு வகுப்பில் வணிகவியல் பாடம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு மாணவர் எழுந்து கேட்டார்: "ஹஜ்ரத், எங்கள் வாப்பா வைரக்கல் தீட்டுகிறார்கள். அது உண்மையான வைரம் இல்லை. போலிக் கல்லைச் செய்து கொடுத்து வாங்கும் கூலி ஹலாலா?" கேள்வியில் வெட்கமும் கவலையும் கலந்திருந்தன. அன்று அவருக்குச் சுருக்கமாகப் பதில் சொன்னேன். ஆனால் 'போலி' என்று அவர் சொன்ன சொல்லை அவ்வளவு எளிதில் ஏற்றுக்கொள்ள இயலுமா என்ற வினா பின்னரும் என்னை விடவில்லை. இக்கட்டுரை அந்த வினாவைப் பின்தொடர்ந்து செல்வது.

*

செயற்கைக் கல் என்பது இயந்திர யுகத்தின் கண்டுபிடிப்பு என்று நினைப்பது தவறு. கி.பி. 79இல் மறைந்த ரோமானிய அறிஞர் பிளினி, தம் இயற்கை வரலாற்று நூலின் இறுதிப் பகுதியில் இந்தியப் பச்சைக்கற்களைப் போற்றுகிறார். அதே இடத்தில், இந்தியர்கள் படிகத்துக்கு நிறமேற்றி அக்கற்களைப் போலவே செய்யும் வழியையும் கண்டுவைத்திருக்கின்றனர் என்று முறையிடுகிறார். அவர் பாராட்டிய கல் 'பெரில்' வகையைச் சேர்ந்தது. அது கிடைத்த இடங்களில் முக்கியமானது இன்றைய திருப்பூர் மாவட்டத்தில் காங்கேயத்துக்கு அருகிலுள்ள படியூர். நொய்யல் ஆற்றங்கரைக் கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் கல்மணி செய்யும் பட்டறைகள், முற்றுப்பெறாத மணிகள், துளையிடும்போது உடைந்துபோனவை என எல்லாம் வெளிவந்தன. பெரில், நீலம், படிகம், சூதுபவளம் ஆகியவற்றை அங்குள்ளோர் கையாண்டிருக்கின்றனர். கொடுமணலிலிருந்து கிழக்கே வரும் வழியில் கரூர். அதற்கப்பால் சோழர் தலைநகரான உறையூர். கரூர் 1995ஆம் ஆண்டுவரை திருச்சி மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது என்பதையும், கரூர்–காங்கேயம் வட்டாரம் இன்றும் கற்கள் கிடைக்கும் நிலம் என்பதையும் நினைவில் கொண்டால், இத்தொழில் திருச்சிக்கு வந்து சேர்ந்தது தற்செயல் என்று தோன்றவில்லை.

சொற்களின் பயணமும் இதையே சொல்கிறது. பிராகிருதத்தில் 'வேளுரிய' என்று வழங்கிய பெயரே கிரேக்கத்தில் 'பெரில்லோஸ்' ஆயிற்று. அங்கிருந்து அரபுக்கு வந்து 'பில்லவ்ர்' என்று படிகத்தைக் குறித்தது. நம் மண்ணில் அச்சொல்லின் உறவான 'வைடூரியம்' இப்போது பூனைக்கண் கல்லுக்கு வழங்குகிறது. மறுபுறம் கிரேக்கரின் 'அடமாஸ்' அரபில் 'அல்மாஸ்' ஆகியது; 'ஹுயாகிந்தோஸ்' நம் திருமறையின் அர்ரஹ்மான் அத்தியாயத்தில் இடம்பெறும் 'யாகூத்' ஆகியது. ஒரு கல்லுக்கு ஒவ்வொரு துறைமுகத்திலும் பெயர் மாறியிருக்கிறது. சில வேளைகளில் பெயர் அப்படியே இருக்கக் கல் மாறியிருக்கிறது. பெயருக்கும் பொருளுக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியில்தான் ஏமாற்று வணிகம் எப்போதும் குடிபுகுகிறது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரையின் இரத்தினக் கடைத்தெருவைக் காட்டும்போது, கற்களின் குற்றங்களையும் குணங்களையும் வகைப்படுத்திச் சொல்லுவதற்குக் காரணம் அழகுணர்ச்சி மட்டும் அன்று. வாங்குவோருக்கு அந்த அறிவு தேவைப்பட்டது.

*

இந்த அறிவைத் துறையாக வளர்த்தவர்கள் அரபு மொழியில் எழுதிய அறிஞர்கள். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் அல்கிந்தி கற்களைப் பற்றி எழுதினார். ஹிஜ்ரி 651இல் (கி.பி. 1253) மறைந்த அத்தீஃபாஷி 25 கற்களைப் பற்றி ஒரு நூல் இயற்றினார், ஒவ்வொன்றும் எங்கே பிறக்கிறது, நல்லதும் கெட்டதும் எப்படிப் பிரியும், விலை என்ன என்று வணிகரின் கண்ணோடு எழுதப்பட்டது அது. ஆனால் இவர்கள் அனைவரிலும் தலைசிறந்தவர் அபூரைஹான் அல்பீரூனி. கஸ்னவி சுல்தான் மவ்தூதுக்காக அவர் எழுதிய 'அல்ஜமாஹிர் ஃபீ மஃரிஃபத்தில் ஜவாஹிர்' என்னும் நூல், பதினோராம் நூற்றாண்டில் ஒரு மனிதர் எவ்வளவு தெளிவாகச் சிந்திக்க முடிந்தது என்பதற்குச் சான்று.

மரகதத்தைக் கண்டால் பாம்பின் கண் உருகிவிடும் என்பது அக்காலத்தில் அறிஞர்களும் திரும்பத் திரும்ப எழுதிவந்த செய்தி. அல்பீரூனி அதைச் சோதித்துப் பார்த்தார். பாம்பின் கழுத்தில் மரகத மாலையை அணிவித்தார்; அதன் கூட்டில் மரகதங்களைப் பரப்பினார்; அதன் கண்முன்னே கற்களை ஆட்டினார். ஒன்பது மாதங்கள் வெயில், குளிர் இரண்டிலும் இது நடந்தது. பாம்பின் பார்வை கூடியிருந்தால்தான் உண்டு, குறையவில்லை என்ற கருத்தில் எள்ளலோடு அதை முடிக்கிறார். ராசிக்கல் வாங்கக் கடனாளியாகும் நம் சமூகத்துச் சகோதரர்கள் சிலருக்கு இந்தப் பகுதியை மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டும் என்று நான் எண்ணுவதுண்டு.

அவர் செய்த மற்றொரு பணி இன்னும் முக்கியமானது. கற்களை அடர்த்தியால் பிரித்தறிய அவர் ஒரு கூம்பு வடிவக் கலத்தை அமைத்தார். கலத்தில் விளிம்புவரை நீர் நிரப்பிக் கல்லை உள்ளே இட்டால், கல்லின் பருமனுக்குச் சமமான நீர் பக்கவாட்டுக் குழாய் வழியே வெளியேறும். அந்த நீரை எடை போட்டுக் கல்லின் எடையோடு ஒப்பிட வேண்டும். கற்களுக்கு நீல யாகூத்தை நூறு என்று வைத்துக்கொண்டு மற்றவற்றை அதனோடு ஒப்பிட்டு அட்டவணையிட்டார். ஹிஜ்ரி 515இல் (கி.பி. 1121) அல்காஸினி எழுதிய 'மீஸானுல் ஹிக்மா' இந்த அளவுகளைக் காத்துத் தந்துள்ளது. இன்றைய ஆய்வகங்களின் அளவுக்கு அவை வியப்பூட்டும் வகையில் அருகில் நிற்கின்றன. கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றும் இரு சிவப்புக் கற்களில் எது யாகூத், எது மற்றொன்று என்பதைத் தராசு சொல்லிவிடும்.

போலிகளைப் பற்றியும் இம்மரபு மௌனம் சாதிக்கவில்லை. ஜாபிர் இப்னு ஹய்யான் பெயரில் வழங்கும் 'அத்துர்ரத்துல் மக்னூனா' நிறக் கண்ணாடியையும் செயற்கை இரத்தினத்தையும் செய்யும் முறைகளைத் தருகிறது. ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில் அல்ஜவ்பரி, கல் வணிகரின் தந்திரங்களை அம்பலப்படுத்த ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கினார். ஒருவர் செய்முறையைச் சொல்கிறார். மற்றவர் அதைக்கொண்டு ஏமாற்றுவோரைக் காட்டிக்கொடுக்கிறார். செய்வது ஒரு செயல், ஏமாற்றுவது மற்றொரு செயல் என்ற பாகுபாடு இங்கேயே தெளிவாகிவிடுகிறது.

*

காவிரியைக் கடந்து திருவரங்கத்துக்குச் செல்லாமல் இப்பகுதியின் கற்களைப் பற்றி எழுத முடியாது. வைகுண்ட ஏகாதசியன்று நம்பெருமாள் இரத்தின அங்கியும் பாண்டியன் கொண்டையும் அணிந்து பரமபத வாசலைக் கடப்பதைக் காண இலட்சக்கணக்கானோர் கூடுகின்றனர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் சடையவர்மன் சுந்தரபாண்டியன் இக்கோயிலுக்குப் பொன் வேய்ந்ததைக் கல்வெட்டுகள் பேசுகின்றன. அந்நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, மன்னரின் கழுத்தில் 104 முத்துகளும் மாணிக்கங்களும் கோத்த மாலையைக் கண்டதாக எழுதினார். பின்னர் வந்த தில்லிப் படையெடுப்புகளில் இத்தகைய செல்வம் எவ்வளவு அள்ளிச் செல்லப்பட்டது என்பதை அமீர் குஸ்ரு பெருமிதத்தோடு விவரித்திருக்கிறார். அந்தப் பெருமிதத்தில் பங்குகொள்ள வேண்டிய கடமை நமக்கில்லை. அரசர்களின் கொள்ளை மார்க்கத்தின் பெயரால் தூய்மையாகிவிடாது. அதே திருவரங்கத்தில் துலுக்க நாச்சியாருக்கு ஒரு சந்நிதி இருப்பதும், அவருக்காக ரொட்டி படைக்கப்படுவதும், மக்கள் மனம் வரலாற்றின் கசப்பை வேறொரு வகையில் ஆற்றிக்கொண்டதைக் காட்டுகின்றன.

திருவரங்கத்தின் பெயரை உலகக் கல் வரலாற்றில் ஏற்றியது ஒரு திருட்டுக் கதை. மாஸ்கோ கிரெம்ளின் மாளிகையின் வைரக் கருவூலத்தில் ரஷ்யப் பேரரசரின் செங்கோலில் பதிக்கப்பட்ட 'ஒர்லோவ்' வைரம் உள்ளது. எடை 189.62 காரட். இது திருவரங்கத்து இறைவனின் கண்ணாக இருந்ததென்றும், பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் பிரெஞ்சுப் படையிலிருந்து ஓடிய ஒருவன் பக்தனாக நடித்துக் கோயிலுக்குள் பணியேற்றுப் பெயர்த்துச் சென்றானென்றும், சென்னையில் ஓர் ஆங்கிலக் கப்பல் தலைவனுக்கு விற்றானென்றும், கைமாறிக் கைமாறி ஆம்ஸ்டர்டாமில் கோமான் கிரிகோரி ஒர்லோவ் அதை வாங்கிப் பேரரசி கேத்தரினுக்கு அளித்தாரென்றும் ஐரோப்பிய நூல்கள் சொல்லிவருகின்றன.

கதைக்குக் களம் பொருத்தமானதுதான். 1751–52இல் சந்தா சாஹிபின் படையும் அவருக்குத் துணைவந்த பிரெஞ்சுப் படையும் திருச்சிக் கோட்டையில் இருந்த முஹம்மது அலியை முற்றுகையிட்டன. முற்றுகையாளர்கள் பின்வாங்கிப் பாசறை அமைத்தது திருவரங்கத் தீவில்தான். 1752 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லா அங்கேயே சரணடைந்தார். சந்தா சாஹிப் தலை கொய்யப்பட்டார். ஆகவே தப்பியோடிய பிரெஞ்சு வீரன் ஒருவன் அங்கே இருந்திருப்பான் என்பதில் வியப்பில்லை. ஆயினும் கருவறையில் பள்ளிகொண்டிருக்கும் மூலவர் சுதையால் ஆன திருமேனி. தைலக்காப்பு மட்டுமே பெறுவது. ஏறக்குறைய 190 காரட் எடையுள்ள வைரத்தைக் கண்ணாகப் பதித்திருந்ததாகக் கோயில் மரபில் சான்று காணப்படவில்லை. மறுபுறம், 1665இல் ஒளரங்கசீப்பின் அவையில் டாவர்னியே கண்டு வரைந்த பெரிய முகலாய வைரத்தின் உருவம், பாதி முட்டை போன்ற ஒர்லோவின் உருவத்தோடு பெரிதும் ஒத்திருக்கிறது. இரண்டும் ஒன்றே என்று கருதும் ஆய்வாளர் உளர். எனக்கும் அதுவே ஏற்புடையதாகத் தோன்றுகிறது. சிலையின் கண்ணைத் திருடும் கதை ஐரோப்பியருக்குச் சுவையானது. வில்கி காலின்ஸ் 1868இல் வெளியிட்ட நாவலின் முன்னுரையில் இந்த ரஷ்யச் செங்கோல் கல்லைத் தமக்குத் தூண்டுதலாகக் குறிப்பிட்டபின் அது இன்னும் பரவிற்று.

டாவர்னியேவின் குறிப்பில் நமக்கு வேண்டியது வேறொன்று. முகலாய வைரத்தைத் தீட்டியவர் வெனிஸ் நகரத்து ஹார்டென்சியோ போர்ஜியோ. தேய்த்துத் தேய்த்துக் கல்லின் எடையைப் பெருமளவு குறைத்துவிட்டதற்காக அவருக்குக் கூலி கொடுப்பதற்கு மாறாகப் பத்தாயிரம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டதாம். இந்தியக் கைவினைஞரைப் பற்றியும் டாவர்னியே எழுதுகிறார்: கல் குற்றமற்றதாக இருந்தால் மேலே மெல்லச் சாணை பிடிப்பதோடு நிறுத்திக்கொள்வர், உள்ளே கீறலோ புள்ளியோ இருந்தால் அதை மறைக்கப் பல பட்டைகள் இடுவர். எடையைக் காப்பது நம் மரபு. ஒளியைக் கூட்டுவதற்காக எடையை இழப்பது ஐரோப்பியர் பின்னர் வளர்த்த மரபு. திருச்சியின் கைகள் பிற்காலத்தில் கற்றுத் தேர்ந்தது இந்த இரண்டாவது மரபை. வட்ட வடிவ 'பிரில்லியண்ட்' வெட்டில் மேற்புறம் 33, கீழ்ப்புறம் 24 என 57 முகங்கள். ஒன்று தவறினாலும் ஒளி திரும்பி வராமல் அடிவழியே ஒழுகிவிடும்.

*

1902இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஒகுஸ்த் வெர்னுயி ஒரு முறையை அறிவித்தார். தூய அலுமினியம் ஆக்ஸைடுத் தூளைச் சொட்டுச் சொட்டாக ஆக்சிஜன்–ஹைட்ரஜன் சுடர் வழியே விழச் செய்தால் அது உருகிக் கீழே ஒரு தண்டின் மேல் படிந்து, காரட் கிழங்கைத் தலைகீழாக நிறுத்தியது போன்ற ஒற்றைப் படிகமாக வளர்கிறது. சிறிது குரோமியம் கலந்தால் மாணிக்கம். இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். எதுவும் கலக்காவிட்டால் வெண்ணிறம். சில மணி நேரத்தில் முடியும் இந்த வேலைக்கு மண்ணுக்கடியில் இலட்சக்கணக்கான ஆண்டுகள் தேவைப்படுகின்றன. சுவிட்சர்லாந்தின் மோந்தே என்னும் ஊரில் 1914இல் இதற்கான தொழிற்சாலையை நிறுவியவர் ஹ்ராந்த் ஜெவாஹிர்ஜியான் என்னும் ஆர்மீனியர். 'ஜவாஹிர்' என்ற அரபுச் சொல் துருக்கி வழியே அவர் குடும்பப் பெயரில் அமர்ந்திருப்பதைக் கவனியுங்கள்: இரத்தின வணிகர் குலத்தவர் என்பது அதன் பொருள். அல்பீரூனியின் நூல் தலைப்பில் நிற்கும் அதே சொல், செயற்கைக் கல் தொழிற்சாலையின் பெயர்ப்பலகையிலும் நின்றது.

சுவிட்சர்லாந்து முதலிய நாடுகளிலிருந்து வந்த இந்தக் கரட்டுக் கற்களே திருச்சியின் மூலப்பொருள். முகவர் கற்களைக் கொடுப்பார். வீட்டில் அமர்ந்து தீட்டுவோர் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி பெறுவர். கிழங்கு போன்ற கல்லை முதலில் நீளவாக்கில் பிளந்து, சிறு துண்டுகளாக அறுத்து, ஓரளவு உருவம் கொடுப்பார்கள். துண்டை அரக்கால் ஒரு குச்சியின் நுனியில் ஒட்டி, சுழலும் தட்டின் மேல் குறித்த சாய்வில் அழுத்திப் பிடிப்பர். ஒரு கை சக்கரத்தைச் சுழற்ற மறு கை கல்லைப் பிடிக்கும். மின்விசை வந்தபின் ஒரு கைக்கு ஓய்வு கிடைத்தது. சாய்வுக் கோணத்தைக் கண் அளக்கும்; போதுமான அளவு தேய்ந்துவிட்டதா என்பதை ஒலியே சொல்லிவிடும் என்பார்கள். மேல்பாதி முடிந்ததும் அரக்கை இளக்கிக் கல்லைத் திருப்பி ஒட்டிக் கீழ்ப்பாதி. மில்லிமீட்டர் கணக்கிலான ஒரு பொடிக் கல்லில் 57 முகங்களை இப்படி வைத்த கைகளுக்குப் பள்ளிச் சான்றிதழ் எதுவும் இருந்ததில்லை.

அக்கற்கள் மூக்குத்தியிலும் ஏழுகல் தோட்டிலும் எட்டுக்கல் பேசரியிலும் ஏறின. வைரத்தோடு வாங்க இயலாத இலட்சக்கணக்கான குடும்பங்களின் திருமணங்கள் திருச்சிக் கல்லின் ஒளியில் நடந்தன. ஏழைப் பெண்ணின் காதில் ஒளி வீசியதைக் குறையாகப் பேச எனக்கு மனம் வரவில்லை. 1970களின் பிற்பகுதியில் சோவியத் விஞ்ஞானிகள் வளர்த்தெடுத்த 'க்யூபிக் ஸிர்கோனியா' சந்தைக்கு வந்தது. சோவியத்தில் பிறந்த இந்தக் கல்லுக்கு நம் கடைகளில் 'அமெரிக்கன் டைமண்ட்' என்று பெயர் வந்தது விந்தை! திருச்சிப் பட்டறைகள் விரைவில் அதற்கு மாறின.

தமிழ் முஸ்லிம்களுக்குக் கற்களோடுள்ள உறவு பெரும்பாலும் வணிகத்தின் வழியே அறியப்பட்டது. காயல்பட்டினத்தாரும் கீழக்கரையாரும் கொழும்பிலும் பிற நகரங்களிலும் இரத்தின வணிகத்தில் புகழ்பெற்றனர். கீழக்கரை பி.எஸ். அப்துர் ரஹ்மான் இளமையில் இலங்கை சென்று கல் வணிகத்தில் கால்வைத்து, ஈட்டிய செல்வத்தைக் கல்வி நிறுவனங்களாக மாற்றினார். இலங்கைப் பேருவளையின் இரத்தின வணிகர் நளீம் ஹாஜியார் 1973இல் நிறுவிய ஜாமிஆ நளீமிய்யா, இன்றளவும் அறிஞர்களை உருவாக்கிவருகிறது. இவர்களின் பெயர்கள் நினைவுகூரப்பட வேண்டியவையே. அவர்கள் கையில் வந்த கல்லைத் தேய்த்தவரின் பெயர் மட்டும் எங்கும் எழுதப்படவில்லை.

*

இப்போது மாணவரின் வினாவுக்கு வருவோம். நம் ஃபிக்ஹு நூல்கள் இதைக் கற்பனையான சிக்கலாகப் பேசவில்லை. கடைத்தெருவில் நின்றே பேசுகின்றன. யாகூத் என்று சொல்லி ஒரு மோதிரக் கல்லை விற்று அது கண்ணாடி என்று தெரியவந்தால் அந்த விற்பனையே செல்லாது என்பது ஹனஃபி அறிஞர்களின் தீர்ப்பு. பேசிய பொருளும் கொடுத்த பொருளும் இனத்தாலேயே வேறுபட்டுவிட்டன. சிவப்பு யாகூத் என்று விற்று அது மஞ்சள் யாகூத் என்று தெரியவந்தாலோ விற்பனை செல்லும். ஆனால் வாங்கியவருக்கு ஏற்கவோ மறுக்கவோ உரிமை உண்டு. இங்கே இனம் ஒன்று, தன்மைதான் வேறு. ஷாஃபிஈ நூல்களில் வேறொரு காட்சி வருகிறது: விற்பவர் எதுவும் சொல்லாதிருக்க, வாங்குபவர் தாமாகவே கண்ணாடியை இரத்தினம் என்று எண்ணி வாங்கினால், தம் கவனக்குறைவுக்கு அவரே பொறுப்பு.

இந்த அளவுகோலைத் திருச்சிக் கல்லின் மேல் வைத்துப் பார்த்தால் சுவையான முடிவு கிடைக்கிறது. க்யூபிக் ஸிர்கோனியாவை வைரம் என்று விற்றால் அது கண்ணாடியை யாகூத் என்று விற்றதற்குச் சமம், இனமே வேறு. அல்பீரூனியின் தராசே இதைக் காட்டிக்கொடுத்துவிடும்: வைரத்தின் ஒப்படர்த்தி 3.52, ஸிர்கோனியாவுக்கு 5.6க்கும் மேல். ஆனால் வெர்னுயி முறையில் வளர்த்த மாணிக்கம் வேதியியலால் மாணிக்கமேதான். அதன் கடினமும் அடர்த்தியும் ஒளிவிலகலும் சுரங்கக் கல்லுடன் ஒன்றானவை. அங்கே அல்பீரூனியின் தராசு தோற்றுப்போகும். உருப்பெருக்கியின் கீழ் வளைந்த வளர்ச்சிக் கோடுகளும் நுண்ணிய காற்றுக் குமிழிகளும் தெரிந்தால் மட்டுமே அது சுடரில் பிறந்தது என்று அறியலாம். ஆகவே இனத்தால் அது போலி அன்று. எனினும் அதன் விலை சுரங்கக் கல்லின் விலையில் மிகச் சிறு பங்கு. பிறப்பை மறைத்து விற்பது 'தத்லீஸ்'. வாங்கியவருக்குத் திருப்பித் தரும் உரிமை உண்டு என்பதே என் கருத்து. ஆழ்ந்த அறிஞர்கள் இதை மேலும் ஆராயலாம்.

இவை எல்லாம் விற்பவரைப் பற்றியவை. சந்தையில் தானியக் குவியலுக்குள் கையைவிட்டு உள்ளே ஈரம் இருப்பதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், ஈரமான பகுதியை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வணிகரைத்தான் வினவினார்கள். அதை விளைவித்தவரை அன்று. தீட்டுபவர் தாம் செய்வது என்னவென்று முகவருக்கும், முகவர் கடைக்காரருக்கும் ஒளிக்காமல் கொடுத்துவந்த தொழில் இது. திருச்சியில் எவரும் இதை இரகசியமாகச் செய்யவில்லை. ஊரே அறிந்து செய்தது. எனவே அந்தத் தந்தையின் கூலி அவர் கைவேலைக்கான கூலி. அதில் ஐயமில்லை.

இத்தொழிலில் ஹலால்–ஹராம் பற்றிக் கவலைப்பட வேண்டிய இடம் வேறொன்று இருந்தது. கூர்மையான கண்ணும் சிறு விரலும் வேண்டும் என்ற சாக்கில் சிறார்கள் சக்கரத்தின் முன் அமர்த்தப்பட்டனர். பெற்றோர் வாங்கிய முன்பணம் பிள்ளையின் படிப்பை விழுங்கியது. 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் அட்டவணையில் கல் அறுப்பதும் தீட்டுவதும் ஆபத்தான பணிகளுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. 2016 திருத்தம் பதினான்கு வயதுக்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவதைப் பொதுவாகவே தடைசெய்தது. கல் உண்மையா பொய்யா என்று கேட்ட அளவுக்கு, அதைத் தீட்டியது யார் கை, அந்தக் கைக்கு வயது என்ன என்று நம் மேடைகள் கேட்டதில்லை.

*

தொழிலைத் தளர்த்தியது சட்டம் அன்று. இயந்திரத்தில் வெட்டப்பட்ட ஒரே சீரான கற்கள் சீனாவிலிருந்தும் தாய்லாந்திலிருந்தும் மலிவாக வந்தபோது, கைவேலைக்குக் கிடைத்த கூலி பட்டினிக் கூலியாகச் சுருங்கியது. நகை செய்யும் நிறுவனங்களுக்கு ஒரே அளவில் பல்லாயிரம் கற்கள் தேவை. கை அதைத் தர இயலாது. பலர் கட்டட வேலைக்கும் கடை வேலைக்கும், சிலர் வளைகுடாவுக்கும் சென்றனர். எஞ்சியவர்கள் ஓரளவு இயந்திரத்தின் துணையோடு தொடர்கின்றனர்.

இதற்கிடையே காற்று திசை மாறியிருக்கிறது. ஆய்வகத்தில் வளர்க்கும் வைரம் இப்போது அரசின் ஆதரவு பெற்ற தொழில். 2023ஆம் ஆண்டு ஒன்றிய நிதிநிலை அறிக்கை அதற்கான விதைக் கற்களின் சுங்கவரியை நீக்கியது. சென்னை ஐஐடிக்கு ஐந்தாண்டு ஆய்வுக்காக 242.96 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூனில் இந்தியப் பிரதமர் அமெரிக்க அதிபரின் துணைவியாருக்கு அளித்த பரிசு, ஆய்வகத்தில் வளர்ந்த 7.5 காரட் வைரம். அமெரிக்க வணிக ஆணையம் 2018லேயே வைரத்தின் வரையறையிலிருந்து 'இயற்கையான' என்ற சொல்லை நீக்கியது. ஆனால் பிறப்பை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையை விடவில்லை. நம் ஃபகீஹ்கள் இனத்தையும் தன்மையையும் பிரித்து வைத்த இடத்துக்கே அது வந்து சேர்ந்திருக்கிறது. சூரத்தில் வளர்ந்த இந்தக் கற்களை எவரும் போலி என்று அழைப்பதில்லை. விளம்பரங்களில் அவற்றுக்கு மதிப்புமிக்க பெயர்கள் சூட்டப்படுகின்றன. திருச்சியில் சுடர்மாணிக்கத்துக்கு 57 முகம் வைத்த முதியவர்கள் சிலர் இன்னும் கண்ணாடி அணிந்துகொண்டு சக்கரத்தின் முன் அமர்கின்றனர். அவர்களிடம் உள்ள கோணக் கணக்கை எவரேனும் கேட்டுப் பதிவு செய்ய வேண்டுமானால், அதற்குரிய காலம் நீண்டதாக இல்லை.